'கலா' இசைத்தொகுப்பும் கேட்போர் கருத்தும்: பழவேற்காட்டு நெய்தல் நிலத்திலிருந்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட மின்னணு நடன இசைக் கலைஞர் எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட 'கலா' என்னும் இசைத்தொகுப்பு தமிழகத் தோற்கருவிகளையும் மேலைக் கடற்கரை மீனவரின் உழைப்புக் குரலையும் மின்னணு இசைக்குள் கொண்டுவந்தது. உலக அளவில் பெரும் வரவேற்பைப் பெற்ற இத்தொகுப்பு குறித்த கருத்துகள் பெரும்பாலும் நகர்ப்புறக் கேட்போருடையவை. அவ்வொலிகள் எந்த நிலத்தின் வாழ்விலிருந்து எழுந்தனவோ அந்நிலத்தின் கேட்கும் முறை அக்கருத்துகளில் இடம்பெறவில்லை. தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாடு, சிலப்பதிகாரக் கானல்வரி, மீனவர் அம்பாப் பாடல் மரபு ஆகியவற்றின் துணைகொண்டு, பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவக் குப்பங்களில் இத்தகைய இசை எவ்வாறு கேட்கப்படக்கூடும் என்பதையும், அதனை ஆராயும் முறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: கலா, எம்.ஐ.ஏ., உறுமி, அம்பா, நெய்தற்பறை, பழவேற்காடு, கேட்போர்.

முன்னுரை

ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்ததும் அதனைப் பற்றிக் கேட்போர் கூறும் கருத்துகளைத் தொகுத்து ஆராய்வது இன்றைய இசையாய்வில் பெருகிவரும் துறையாகும். 'பிடித்தது', 'முந்தைய தொகுப்பைவிடக் குறைந்தது', 'இரைச்சல் மிகுந்தது' என்பன போன்ற மதிப்பீடுகள் தரவுகளாகின்றன. இவ்வகை ஆய்வுகள் ஒரு முன்முடிவின்மேல் நிற்கின்றன. பாடுவோர் ஒருவர், கேட்போர் வேறொருவர் என்பதும், கேட்போரின் கருத்து சொல்லாக வெளிப்படும் என்பதுமே அம்முன்முடிவு. திரைப்பாடலுக்கும் கச்சேரிக்கும் இது பொருந்தும். மீனவர் இசைமரபுக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

பழவேற்காடு இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு முனையில், ஆரணியாறு வந்து கலக்கும் இந்த உவர்நீர் ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எனக் கருதப்படுகிறது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். தமிழகப் பகுதியில் ஏரித்தொழிலும் கடல்தொழிலும் அருகருகே நடக்கின்றன. சென்னையின் பறையொலியும் கானாவும் வந்துசேரும் தொலைவிலேயே இக்குப்பங்கள் உள்ளன. 'கலா'வின் தோற்கருவி ஒலிகள் சென்னையில் பதிவானவை. எனவே அவ்வொலிகளை அயலானவையாகவோ புதுமையானவையாகவோ கேளாத ஒரு கேட்போர் கூட்டத்தை இங்கே எதிர்பார்க்கலாம்.

'கலா'வில் உள்ள ஒலிகள்

எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலும் சிலகாலம் சென்னையிலும் கழித்து, 1980களில் மீண்டும் இலண்டனுக்குச் சென்றவர். முதல் தொகுப்பான 'அருளர்' (2005) தந்தையின் இயக்கப்பெயரைத் தாங்கியது. ஈழப் புரட்சி அமைப்பின் தொடக்ககாலத்தவரும் 'லங்காராணி' நாவலின் ஆசிரியருமாகிய அருளரைத் தமிழ் இலக்கிய மாணவர் அறிவர். இரண்டாம் தொகுப்பு தாயின் பெயரைப் பெற்றது.

2006இல் அமெரிக்க நுழைவிசைவு கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால், அங்கே பதிவு செய்யவிருந்த இத்தொகுப்பு இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் உருவாயிற்று. பல நாட்டு இசை என்று பின்னர்ப் போற்றப்பட்ட பண்பிற்கு ஒரு தூதரகத்தின் மறுப்பும் காரணம் என்பதை விமரிசகர் பலர் போகிறபோக்கில் குறிப்பிட்டுக் கடந்தனர். கட்டாயத்தால் நேர்ந்த பயணமே இசையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதால், அது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது.

சென்னைப் பதிவுகள் ஏ.ஆர். ரகுமானின் கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்தன. உறுமி இத்தொகுப்பின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. தொகுப்பிற்கு முன்னோட்டமாக 2006இல் வெளிவந்த 'பேர்ட் ஃப்ளூ', அடுத்து வந்த 'பாய்ஸ்' ஆகிய இரண்டிலும் திரளான மேளக்காரர்களின் அடியே பாடலின் உடலாக அமைந்துள்ளது. 'பாம்பூ பங்கா' என்னும் முதற்பாடலில் 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலிலிருந்து இளையராஜாவின் தாளப்பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. 'ஜிம்மி' பப்பி லஹிரியின் இந்தித் திரைப்பாடலொன்றின் மறுஆக்கம். நைஜீரியப் பின்னணி கொண்ட ஆஃப்ரிக்கன் பாய் உடன்பாடும் 'ஹஸ்ஸல்', படகைத் தண்ணீருக்குள் இழுக்கும் கேரள மீனவரின் குரலோடு தொடங்குகிறது.

2007 ஆகஸ்டில் வெளியான இத்தொகுப்பை 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. எனினும் பெருந்திரளான கேட்போரைச் சென்றடைந்த பாடல் 'பேப்பர் ப்ளேன்ஸ்'. 'தி க்ளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் கிதார் ஒலி, துப்பாக்கி வெடிப்பு, கல்லாப்பெட்டி ஓசை ஆகியவற்றால் அமைந்தது அது. அதில் உறுமி இல்லை, மீனவர் குரலும் இல்லை. விமரிசகரின் புகழ்ச்சி தமிழ்த் தோற்கருவிகளைச் சுட்டியது. விற்பனையோ அவை இடம்பெறாத பாடலில் உச்சத்தைத் தொட்டது. 'கேட்போர் கருத்து' என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு பிழைபடும் என்பதற்கு இதுவே சான்று.

பறையும் திணையும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. ஒலிக்கு நிலம் உண்டு என்பது அதன் கருத்து. பின்வந்த அகப்பொருள் இலக்கணத்தார் நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் நாவாய்ப்பம்பையையும் உரியவாக்கினர். மீன்கோட்பறை என்னும் பெயரே ஒரு செயலைச் சுட்டுகிறது. மீனைக் கொள்ளும்பொழுது முழங்குவது அப்பறை. செயலிலிருந்து பிரித்து, தனி ஓசையாக அதனைச் சுவைக்கும் நிலையை இலக்கணத்தார் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புறநானூற்றில் 'நெய்தல்' என்பது சாப்பறையின் பெயராகவும் வருகிறது. பக்குடுக்கை நன்கணியாரின் பாடல் (புறம். 194) ஒரு மனையில் சாவுக்குரிய நெய்தல் ஒலிப்பதையும், மற்றொரு மனையில் மணத்திற்குரிய முழவு ஒலிப்பதையும் ஒரே வேளையில் காட்டுகிறது. நிலையாமையைக் கூறும் பாடலாக இதனைப் பாடம் சொல்வது வழக்கம். இசையாய்வு நோக்கில் இதில் வேறொரு செய்தியும் உள்ளது. அத்தெருவில் இருப்பவர் ஒலியைக் கேட்ட அளவிலேயே எந்த மனையில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்கிறார். அடி அவருக்குச் செய்தியாகிறது. 'நன்றாக இருக்கிறதா' என்னும் வினா அங்கே எழுவதற்கு இடமில்லை.

வடசென்னை முதல் பழவேற்காடு வரையிலான கடற்கரைக் குப்பங்களில் இந்நிலை இன்றும் பெரிதும் மாறவில்லை. ஆடி மாதக் கூழ்வார்த்தலுக்குரிய மேளம் வேறு, சாவுமேளம் வேறு. வடமாவட்டங்களின் அம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் முதன்மை பெறுகின்றன. உறுமியோ தென்மாவட்ட நையாண்டி மேளத்திலும் கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்திலும் சிறப்பிடம் பெற்றது. பின்னர்த் திரைப்பாடல் வழியாகத் தமிழகம் முழுவதற்கும் பொதுவாயிற்று. வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பப்படும் அதன் உறுமல், பழவேற்காட்டுச் செவிக்குத் தன்னூர் அம்மன் கோயிலைவிடத் திரையரங்கையே முதலில் நினைவூட்டக்கூடும். ஆகவே 'தமிழ்ப் பறை' என்று ஒற்றைப் பெயரிட்டு, எல்லாத் தமிழர்க்கும் அது ஒரேவகையில் உரியது எனக் கொள்வதும் மேலை விமரிசகரின் பொதுமைப்படுத்தலுக்கு அண்மையானதே. அவர்கள் 'இந்தியத் தாளம்' என்றதை நாம் 'தமிழ்த் தாளம்' என்று சுருக்கிக்கொள்கிறோம்.

'காட்டுக்குயிலு' எடுத்தாளப்பட்ட இடம் இதைத் தெளிவாக்கும். தமிழ்ச் செவி ஓரிரு அடிகளிலேயே யேசுதாசும் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பாடிய நட்புப் பாடலை அடையாளம் காணும். பொங்கல் விழாவும் தீயைச் சுற்றிய ஆட்டமும் உடன் எழும். அப்பாடலை அறியாத கேட்பவருக்கு அதே அடிகள் விரைந்தோடும் ஊர்தியின் இயக்கமாகத் தோன்றும். ஒரே ஒலிப்பதிவு ஒருவருக்கு நினைவாகவும் மற்றவருக்கு வேகமாகவும் இருக்கிறது. இருவர் கருத்தையும் ஒரே அளவுகோலில் மதிப்பெண்ணாக்கினால் கிடைக்கும் சராசரி எவரையும் குறிக்காது.

பாட்டைக் கேட்டலும் மனத்தைக் கேட்டலும்

கடற்கரையில் பாடப்பட்ட பாட்டைப் பற்றிய கேட்போர் கருத்துக்குத் தமிழில் உள்ள மிகப்பெரும் சான்று கானல்வரி. புகார்க் கானலில் கோவலன் பாடிய பாட்டைக் கேட்ட மாதவி அவன் உள்ளம் வேறிடத்தில் இருப்பதாகக் கொள்கிறாள். அவளும் அவ்வாறே ஒரு குறிப்புடையவள்போல் யாழெடுத்துப் பாட, அதைக் கேட்ட கோவலன் அவள் மனம் பிறன்பால் சென்றதாக எண்ணிப் பிரிகிறான். இருவர் பாட்டிலும் இசைக்குறை ஏதும் இல்லை. இருவரும் பாட்டைவிடப் பாடியவரின் மனத்தையே கேட்டனர்.

எம்.ஐ.ஏ. பற்றிய கருத்துகளில் கணிசமானவை இவ்வகையின. 'பேர்ட் ஃப்ளூ' காணொளியில் இடம்பெற்ற புலிக்குறியும், ஈழப்போர் குறித்து 2009இல் அவர் பேசியவையும் இசையினும் மிகுதியாக விவாதிக்கப்பட்டன. 2010இல் 'நியூ யார்க் டைம்ஸ்' வார இதழில் வெளிவந்த நீண்ட கட்டுரை அவருடைய அரசியல் பேச்சுக்கும் வாழ்க்கை வசதிக்கும் இடையிலான முரணைப் பேசுபொருளாக்கியது. அதன்பின் அவருடைய பாடல்களின் நேர்மையே வழக்கானது. ஈழத்தமிழருள்ளும் தம் துயரை உலகறியச் செய்தவர் என்னும் கருத்தும், அத்துயரை அணிகலனாக்கியவர் என்னும் கருத்தும் மோதின. இவ்விரண்டில் எது சரி என்பதை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. இரண்டு தரப்புமே உறுமி அடித்த கைகளைப் பற்றிப் பேசவில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது. பாடியவரின் மனம் பெரிதாகும்போது உடனிசைத்தவர் செவிக்கு எட்டாமற் போகின்றனர்.

அம்பா: கேட்போர் இல்லாத பாட்டு

'ஹஸ்ஸல்' பாடலின் தொடக்கக் குரல் கேரளக் கரையினது. அதற்கு இணையான தமிழ் மரபு அம்பா. சோழமண்டலக் கரையிலும் ஈழத்தின் வடகிழக்குக் கரையிலும் பெரியவலை அல்லது கரைவலை இழுக்கும்போதும், வள்ளத்தைக் கரையேற்றும்போதும், தண்டு வலிக்கும்போதும் பாடப்படுவது அது. ஒருவர் சொல்லைத் தொடுக்க, மற்றவர் 'ஏலேலோ', 'ஐலசா' போன்ற அசைகளால் ஏற்பர். தொடுப்பவரின் சொல் நீளலாம், குறுகலாம், தெய்வத்தை அழைக்கலாம், உடனிழுப்பவனைக் கேலி செய்யலாம். ஏற்பவரின் அசை மட்டும் மாறுவதில்லை. இழுவை அவ்வசையின்மேல்தான் விழுகிறது.

இம்மரபில் பாட்டுக்கு வெளியே நின்று கேட்பவர் எவரும் இல்லை. கேட்பவர் அனைவரும் கயிற்றைப் பிடித்திருப்பவரே. அவர்களுடைய கருத்து கயிற்றில் தெரியும். தொடுப்பவரின் அடி சரியாக அமைந்தால் இருபது பேரின் இழுவை ஒன்றாகும். அமையாவிட்டால் கயிறு தளரும். இதைவிட உடனடியான, மறைக்கவியலாத கேட்போர் கருத்து வேறு எந்த இசைவடிவிலும் இல்லை.

மின்னணு நடன இசை இதற்குத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றினும் ஓரிடத்தில் நெருங்கி வருகிறது. நடனக்கூடத்திலும் கருத்து உடலால் சொல்லப்படுகிறது. இசைப்பவர் அடியைப் படிப்படியாக ஏற்றிச் சென்று, ஒரு கணம் நிறுத்தி, பின் முழு எடையோடு இறக்குகிறார். அவ்விறக்கத்தில் கூட்டம் ஒன்றாகக் குதித்தால் இசை ஏற்கப்பட்டது என்பது பொருள். தொடுப்பும் இழுப்பும் போலவே ஏற்றமும் இறக்கமும் பலருடலை ஓருடலாக்கும் உத்திகள்.

வேறுபாடு காலக்கணக்கில் உள்ளது. மின்னணு இசையில் நிமிடத்திற்கு இத்தனை அடி என்பதைப் பொறி தீர்மானிக்கிறது. உடல் அதைப் பின்பற்றுகிறது. அம்பாவிலோ அலையும் வலையின் பாரமும் தீர்மானிக்கின்றன. வலையின் மடி கரையை நெருங்கும்போது பாரம் மிகும், அடி நெகிழும். அலை வலையைத் தள்ளிக்கொடுக்கும் கணத்தில் அடி விரையும். இந்நெகிழ்வைத் தாளப்பிழை என்று கூறவியலாது. அது கடலின் பங்கு. மீனவர் குரலைத் துண்டாக்கிப் பொறியின் தாளத்தில் பதிக்கும்போது குரலின் நிறம் எஞ்சுகிறது, கடலின் பங்கு நீங்கிவிடுகிறது. 'ஹஸ்ஸல்' அக்குரலைத் தொடக்கத்தில் வைத்து, உழைத்துப் பிழைத்தலைப் பற்றிய பாடலுக்கு முகப்பாக்குகிறது. எடுத்தாண்ட முறை பொருளோடு இயைந்ததே. வெறும் அழகூட்டல் என்று அதனை ஒதுக்குவது நேரியதாகாது. ஆயினும் இழுவையின் நெகிழ்வை அறிந்த செவிக்கு அங்கே ஒன்று குறையும்.

கடல்தொழில் அனைத்தும் பாட்டோடு நடப்பது என்னும் எளிய கற்பனையைப் பழவேற்காடு திருத்தும். ஏரியில் வலைகட்டிக் காத்திருக்கும் தொழிலில் கூட்டிழுவைப் பாட்டுக்குத் தேவையில்லை. உவர்நீர்க் கழிகளில் இருளர் பெண்கள் நீருக்குள் அமர்ந்தும் ஊர்ந்தும் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பர். பிடித்த இறாலை இடுவதற்கான ஓலைப்பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பர். வாய் பறியைப் பற்றியிருக்கையில் பாட்டுக்கு இடமேது? நாட்டுப்புறவியல் தொகுப்புகளில் தொழிற்பாடல் மிகுந்த தொழில்களே மீண்டும் மீண்டும் இடம்பெறுவதால், பாட இயலாத உழைப்பு ஏட்டில் ஏறாமற் போகிறது. கூட்டிழுவைத் தொழிலும் இன்று சுருங்கிவிட்டது. கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்மாற்றம் விரைந்தது. வெளிப்பொறியின் இரைச்சலில் அம்பாவுக்கு வேலையும் இல்லை, செவியும் இல்லை.

பெயர் கேட்கும் காலம்

2007இல் 'கலா'வைப் புகழ்ந்த கேட்போரிடம் எழாத வினா ஒன்று 2021இல் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடலாசிரியரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தோடு பிணைந்த தம் பாட்டியின் வாழ்வை அதில் பதித்திருந்தார். பிரெஞ்சு மின்னணு நடன இசைக் கலைஞர் டி.ஜே. ஸ்னேக் அதனை மறுகலவை செய்தார். நியூ யார்க்கின் டைம்ஸ் சதுக்க விளம்பரத்தில் அறிவு இடம்பெறவில்லை. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையிலும் அவர் இல்லாததை இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தனர். அவ்விதழ் பின்னர் அறிவின் படம் தாங்கிய இணைய அட்டையை வெளியிட்டது. மறுகலவை நன்றாக உள்ளதா என்பதைவிட 'யாருடைய பெயர் எங்கே' என்பதே அப்போது தமிழ்க் கேட்போரின் முதன்மைக் கருத்தாயிற்று. சாதி, உரிமை, ஊதியம் ஆகியவை இசை மதிப்பீட்டின் பகுதியாயின.

பழவேற்காட்டுக்கு இச்சிக்கல் புதிதன்று. 1613இல் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பி, சோழமண்டலத் துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஏற்றினர். கட்டமிட்ட ஒருவகைக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் இவ்வூரின் திரிந்த பெயரே வழங்கிற்று. துணியோடு ஊர்ப்பெயர் கடல் கடந்தது; நெய்தவர் எவரும் அறியப்படவில்லை. உறுமியின் பெயராவது 'கலா'வைப் பற்றிய எழுத்துகளில் எஞ்சியது. முழக்கியவர்களும் கேரளப் படகிழுத்தவர்களும் பெரும்பாலும் திரளாகவே குறிக்கப்பட்டனர்.

பழவேற்காட்டில் கேட்பித்தல்: முறையியல் குறிப்புகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், இக்குப்பங்களில் கேட்போர் ஆய்வு செய்வோர் வழக்கமான வினாநிரலைத் தவிர்ப்பது நன்று. 'இப்பாடலுக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்' என்பது பல்கலைக்கழக வளாகத்தில் விடை பெறும் வினா. இங்கு வந்தவர் மனம் நோகாதிருக்க ஐந்து என்ற விடையையே பெற்றுத் தரும். 'இது எதுக்கு அடிக்கிற அடி?' என்று தொடங்கலாம். விடை 'சாமிக்கு' எனவோ, 'சாவுக்கு' எனவோ, 'சினிமாவுக்கு' எனவோ, 'எதுக்குமே இல்ல' எனவோ அமையலாம். நான்காவது விடையே மின்னணு இசை குறித்த மிகக் கூர்மையான திறனாய்வாக இருக்கக்கூடும்.

கேட்பிக்கும் வரிசையும் விளைவை மாற்றும். பெயரோ பாடகரோ சொல்லாமல் 'பேர்ட் ஃப்ளூ'வின் தொடக்கத்தை முதலில் ஒலிக்கச் செய்து, அடியின் இடத்தைக் கேட்க வேண்டும். அடுத்து 'பாம்பூ பங்கா'. 'காட்டுக்குயிலு' அடையாளம் காணப்படும் நொடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஹஸ்ஸல்' தொடக்கத்தைக் கரைவலை இழுத்துப் பழகிய முதியோருக்கும் பொறிப்படகில் மட்டும் தொழில் செய்யும் இளைஞருக்கும் தனித்தனியே கேட்பிக்க வேண்டும். இறுதியாக டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' (2017). அது மின்னணு நடன இசையன்று. எனினும் பழவேற்காட்டு நீரோடு பிணைந்த எண்ணூர்க் கழியின் சாம்பலைக் காட்டுவது. ஒலி அயலாகவும் இடம் தமதாகவும் உள்ள அப்பாடலையும், ஒலி தமதாகவும் இடம் அயலாகவும் உள்ள 'கலா'வையும் அருகருகே வைத்தால்தான் கேட்பவர் எதைக் கொண்டு உரிமை கொள்கிறார் என்பது புலப்படும்.

ஆண்கள் கூடும் இடத்தில் மட்டும் இதனைச் செய்தால் தரவு அரைகுறையாகும். இறால் பிடிக்கும் பெண்கள் கரையேறி, பறியை இறக்கிவைத்து, எடைபோட்டு முடிக்கும்வரை ஆய்வாளர் காத்திருக்க வேண்டும். விலை பேசும் நேரத்தில் ஒலிபெருக்கியை எடுத்தல் கூடாது. தொடுப்பவரின் அம்பாவைப் பதிவு செய்ய நேர்ந்தால் அவர் பெயர், உடனேற்றவர் பெயர்கள், ஊர், இழுத்த வலை, அன்றைய கடலின் நிலை ஆகியவற்றை அவர்கள் இசைவோடு குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்; ஒலிக்கோப்பின் பெயர் அதற்குப் பின் வரலாம்.